பெரட்டில் கூப்பிட்ட பெயர்

புந்தோங், ஈப்போ
6 அக்டோபர் 2024

அன்புள்ள ஷர்மினி,

நிலாவில் ஆள் இறங்கிய வருஷம் அது. கோலாலம்பூரில் கலகம் நடந்து ஊரடங்கு போட்டதும், கல்பாலத் தோட்டத்தில் தேர் அச்சு முறிந்ததும் அதே வருஷம்தான். அதற்குப் பிறகு தோட்டத்தை விட்டு யாருமே போகவில்லை என்று நீ அனுப்பிய கட்டுரையில் எழுதியிருக்கிறாயாம். ஜொஹரா பீவி கடையில் அவர் மகள் ரஸ்னா வாசித்தாள். டீயைக் கீழே வைத்துவிட்டு, "திரும்பப் படி" என்றேன்.

போன மாதம் வந்தபோது ரப்பர் மரம் சீவினதைக் கேட்டாய், கோயிலைக் கேட்டாய். இதைக் கேட்கவில்லையே, பிள்ளை! குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டைக்காரர்களுக்குப் பெர்மிட் இல்லாமல் வேலை கிடையாது என்று சட்டம் வந்தது. நான்கு குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறியது. பினாங்கு வரை லோரியில் போய்ப் பெட்டி இறக்கியவன் நான்.

எனக்குப் போனில் காது எடுக்காது. கடிதம் போடு.

இப்படிக்கு,
அப்பாவு

(தாத்தா சொன்னதை அப்படியே எழுதினேன் அக்கா. 'பிள்ளை' என்றபோது மேசையைத் தட்டினார். – ரஸ்னா)

கோலாலம்பூர்
12 அக்டோபர் 2024

அன்புள்ள தாத்தா,

வணக்கம். எங்கள் முதுநிலை மாணவர் மன்றத்தின் ஆய்வு மாநாடு நவம்பர் 9, சனிக்கிழமை. நான் செயலாளர். நாற்காலி, பேனர், கழுத்தில் மாட்டும் அட்டை, மரக்கறிச் சாப்பாடு எத்தனை பொட்டலம், எல்லாம் என் தலையில். முதல் கட்டுரையும் என்னுடையதுதான்.

நான் ஊகித்து எழுதவில்லை. தோட்டத்து ஆள் பட்டியலான செக்ரோல், 1969-க்கும் 1971-க்கும் கிடைத்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே நூற்றுப் பன்னிரண்டு பெயர். ஆள் போயிருந்தால் பெயர் எப்படி நின்றது? நேரில் வந்தபோதே சொல்லியிருக்கலாம்லா, தாத்தா!

அன்புடன்,
ஷர்மினி

புந்தோங், ஈப்போ
18 அக்டோபர் 2024

அன்புள்ள ஷர்மினி,

நீ பெயரை எண்ணினாய். நான் ஆளை எண்ணுகிறேன்.

அந்த நான்கு குடும்பத்திலும் செக்ரோலில் பெயர் இருந்த ஒருவருக்குப் பெர்மிட் வந்தது. செக்ரோலில் சேராமல் கொந்திராக்கில், ஒப்பந்தக் கூலியாகப் புல் வெட்டிய புருஷனுக்கோ மனைவிக்கோ வரவில்லை. பிரிய மனமில்லாமல் சேர்ந்தே போய்விட்டார்கள். மரம் சீவ ஆள் வேண்டுமே! தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி என்ன செய்தார்? பெர்மிட் கிடைக்காத வேறு நான்கு கொந்திராக்கு ஆள்களைப் பிடித்து அந்தப் பெயர்களில் நிறுத்தினார். விடியக்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் "செல்லாயி!" என்று கூப்பிட்டால் ராக்காயி கை தூக்குவாள். முத்தம்மாவும் சீனியும் அப்படித்தான்.

சோறு ஒழுங்காகச் சாப்பிடு. பொட்டலம் எண்ணியே மெலிந்துவிடாதே.

இப்படிக்கு,
அப்பாவு

கோலாலம்பூர்
25 அக்டோபர் 2024

அன்புள்ள தாத்தா,

உங்கள் கடிதத்தைப் பேராசிரியரிடம் காட்டினேன். "இது உண்மையானால் உன் கட்டுரையே தலைகீழாகும். ஆனால் பிறரைப் பற்றி ஒருவர் சொன்னது போதாது. அப்படிக் கை தூக்கியவர் ஒருவராவது தன் சொந்தப் பெயரைச் சொல்லி ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் மாநாட்டில் பேசாதே" என்கிறார். தெரிந்தே தப்பைப் படிக்க எனக்கும் மனம் இல்லை. அப்படியானால் நிகழ்ச்சி நிரலில் என் பெயரை நானே அடிக்க வேண்டியதுதான்.

நான்கு பேர் என்றீர்கள், மூன்று பெயர்தான் சொன்னீர்கள். நான்காவது ஆள் யார்? இருக்கிறாரா?

அன்புடன்,
ஷர்மினி

புந்தோங், ஈப்போ
1 நவம்பர் 2024

அன்புள்ள ஷர்மினி,

உன் கடிதத்தை ரஸ்னா படிக்கும்போது என் மகன் தேவனும் கடையில் இருந்தான். பாதியிலேயே எழுந்துவிட்டான்.

"அப்பா, சும்மா இருங்கலா. என் ஐசி கார்டுல தேவன், அப்பாவு மகன்னு இருக்கு. நாளைக்கு எவனாச்சும் கேட்டா நான் யாரு மகன்?"

"என் மகன்தான்டா. நீ பொறந்தப்ப கிராணி செக்ரோலைப் பார்த்து எழுதிட்டாரு. படிக்கத் தெரியாம நான் கைநாட்டு வச்சேன். பேரு கப்பலேறிப் போனவன் பேரு, பெருவிரல் என்னுது."

"பிடிச்சிட்டுப் போனா?"

"எழுபத்தேழு வயசாச்சு. இனிமே எந்தக் கப்பல்ல ஏத்தப் போறானுங்க?"

கடையே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. கிளாசைக் காலி செய்துவிட்டு, "சனிக்கிழமை நான் லீவு போடுறேன். கோலாலம்பூர் போகணும்னா விடிகாலை அஞ்சு மணிக்கெல்லாம் சிம்பாங் பூலாய் தாண்டிடணும்" என்றான்.

ஆகவே, உன் பெயரை அடிக்காதே. எங்கள் இருவருக்கும் நாற்காலி போடு. எனக்கு முன்வரிசை, காது கேட்காது.

ராக்காயி இறந்துவிட்டாள். முத்தம்மா சுங்கை சிப்புட்டில் கண்ணை மூடினாள். சீனி போய் ஆறு வருஷம். பெரட்டில் "அப்பாவு!" என்றதும் கை தூக்கியவன் மட்டும் இருக்கிறான். கழுத்தில் மாட்டும் அட்டையில் அவன் சொந்தப் பெயரைச் சரியாகப் போடு.

இப்படிக்கு,
மாயாண்டி