துருப் பட்ட சட்டை

செவ்வாய்க்கிழமை, இரவு

ராஜபாளையத்தில் நாங்கள் வேலை பார்க்கும் பேண்டேஜ் துணி ப்ளீச்சிங் பட்டறையில், சூப்பர்வைசர் இன்று என் கணவரைத் துருப்பிடித்த இரும்புக் கம்பியால் முதுகில் அடித்தான். ஒரு லாட் துணி மஞ்சளாக வந்துவிட்டதாம். வெள்ளைச் சட்டை கிழியவில்லை. அதன் குறுக்கே ரத்தமும் துருவும் ஒரே கோடாகப் படிந்திருந்தன.

சட்டையைக் கழற்றச் சொல்லி, துணி வெளுக்கிற சூடான பெராக்சைடு தொட்டியில் அவனே போட்டான்.

"ஏட்டி, என்னத்துக்கு அழுவுத? செத்த நேரத்துல கறை இருந்த எடமே தெரியாது," என்றான்.

அவன் தலையையும் அதற்குள் அமுக்க வேண்டும் போலிருந்தது.

பெராக்சைடு கறையைத் துடைத்து எடுப்பதில்லை. கறைக்கு நிறம் தருகிற வேதிப் பிணைப்பை உடைத்துப்போடுகிறது. ரத்தம் வெளுத்தது. ஆனால் துருவைக் கண்டால் அதற்கு வெறி பிடித்துவிடும், துணியையே அரித்துவிடும். அதனால்தான் தொட்டிப் பக்கம் ஓர் ஆணியைக்கூட விடமாட்டோம். ஆத்திரத்தில் அவன் அதை மறந்துவிட்டான்.

சட்டை பளிச்சென்று வந்தது. முதுகில் கம்பி பட்ட நீளத்துக்குத் துணியே இல்லை.

நான் வெளியே எடுத்த சட்டையை அவன் பிடுங்க வந்தான். தொட்டி கிளறும் கம்பை ஓங்கினேன்.

"கிட்ட வந்தா மண்டையப் பொளந்துருவேன்."

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது கணவரிடம் வேறு சட்டையை நீட்டினேன். "வேண்டாம், அதையே குடு," என்று ஈரத்தோடு போட்டுக்கொண்டார்.

டாக்டர் சட்டையைத் தூக்கிப் பார்க்கவே இல்லை. காயம் முழுதும் அந்த ஓட்டை வழியாகவே தெரிந்தது.