காலித் தட்டும் கிளிஃபும்

அக்டோபர் 6, 1942

பக்கத்து வீட்டு ஐவியின் மாடியில் குடியிருக்கும் மிஸ் ஹாக்ஸ்வெல், உணவு அமைச்சகத்துக்குச் சுவரொட்டி வரைகிறவள். எங்கள் பையன் கிளிஃபை ஐவியின் சமையலறையில் உட்காரவைத்து, முன்னால் ஒரு தட்டு டர்னிப் கிழங்கையும் வைத்து இன்று வரைந்தாள். ஐந்து வயசுதான், ஆனால் டர்னிப் என்றால் காத தூரம் ஓடுவான். அவள் பென்சில் சீவத் திரும்பியதும் அத்தனையையும் மேசைக்கு அடியில் இருந்த ஐவியின் நாய்க்குத் தள்ளிவிட்டு, காலித் தட்டைத் தூக்கிக் காட்டி இளித்தான். அந்த இளிப்பைத்தான் வரைந்திருக்கிறாள். எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்?

நவம்பர் 19

ஓல்ட்ராய்ட் மளிகைக்கடைச் சுவரில் கிளிஃப்! "இவன் தட்டில் மிச்சமில்லை. உங்கள் தட்டில்?" என்று கீழே கொட்டை எழுத்தில். ரேஷன் வரிசையில் நின்ற பெண்கள் என்னைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள்.

"மேபல் பையனைப் பாரு, மேபல் பையனைப் பாருன்னு என் பசங்ககிட்ட சொல்லி வாயே வலிக்குதுடி" என்றாள் ஐவி. நாய் விஷயம் தெரிந்துகொண்டே சொல்கிறாள், கள்ளி.

என் வீட்டுக்காரர் வில்ஃபுக்கு உடனே எழுதிப் போட்டேன். சரக்குக் கப்பலில் அவர் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது.

டிசம்பர் 9

கிளிஃபுக்குத் தொண்டை வலிக்கிறதாம். டர்னிப்புக்குப் பயந்து நடிக்கிறான் என்று திட்டினேன்.

டிசம்பர் 10

தொண்டை அடைப்பான். தொற்றிக்கொள்ளும் என்று ஆஸ்பத்திரியில் என்னை உள்ளே விடவில்லை. ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தானா, தெரியவில்லை.

டிசம்பர் 14

போய்விட்டான்.

ஜனவரி 4, 1943

சாப்பிடாமல் இருக்க முடிகிறதா? வரிசையில் போய் நின்றேன். மேலே அவன் இளித்துக்கொண்டிருக்கிறான். ஓல்ட்ராய்ட் பழக்கத்தில் இரண்டு பேருக்கு வெண்ணெய் வெட்டினார். "ஒண்ணுதான்" என்றேன். கத்தி அப்படியே நின்றது.

அந்தப் படத்தைக் கேட்டேன். கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த புகைப்படம் ஒன்றுதான் வீட்டில். இந்த யுத்தத்தில் பிலிம் எங்கே கிடைக்கிறது? வில்ஃப் வந்தால் எதைக் காட்டுவேன்?

"அது சர்க்கார் படம்மா. இறக்கச் சொல்லட்டும், முதல்ல உனக்குத்தான் தருவேன்" என்றார். மிஸ் ஹாக்ஸ்வெல்லும் விலாசம் சொல்லாமல் ஊரைவிட்டுப் போய்விட்டாள்.

ஜனவரி 18

ஓல்ட்ராய்ட் கடை திறப்பதற்குள் சுவரொட்டி ஒட்டும் ஆள் வந்து, கிளிஃப் மேலேயே புதிதாக ஒரு கேரட் படத்தை ஒட்டிவிட்டுப் போய்விட்டான். பாவம், ஓல்ட்ராய்ட் என் முகத்தைப் பார்க்கக் கூசினார். நானும் ஐவியும் வெந்நீர் ஊற்றிச் சுரண்டினோம். கேரட்டோடு அவனும் கூழாகக் கையில் வந்தான். ஒரு காது மட்டும் மிஞ்சியது. ஒரு காதை வைத்துக்கொண்டு நான் என்னடா செய்வேன்?

பிப்ரவரி 12

வில்ஃப் வந்துவிட்டார். கதவைத் திறந்ததும் சிரித்தபடி உள்ளே வந்தார், கையில் சுருட்டிய காகிதம்.

"லிவர்பூல்லருந்து ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் நம்ம பயதான் நிக்கறான், மேபல். ரயில் பூரா சொல்லிட்டு வந்தேன், என் மவன்னு. போர்ட்டர் ஒருத்தர் புதுசாவே ஒண்ணு குடுத்துட்டார்."

மேசையில் விரித்தார். ஒரு கசங்கல் இல்லை. பல், காது, சிலிர்த்து நிற்கும் முடி, எல்லாம் இருந்தது. நான் தெருத்தெருவாகத் தேடிய படம்.

"நான் எழுதினது வந்துதா?" என்றேன்.

"படம் போட்ட சேதிதான் கடைசி. அப்புறம் ஒண்ணும் வரல. எங்க அவன்? ஐவி வீட்லயா?" பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

நான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

பிப்ரவரி 13

படத்தை அடுப்புக்கு மேலே மாட்டினார். நாள் முழுக்க அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். ஆரஞ்சை யாரும் தொடவில்லை.

சாயங்காலம் கேட்டார்: "நெசமாவே எல்லாத்தையும் தின்னானா?"

"எங்க தின்னான்? எல்லாம் ஐவி நாய்க்கு."

சிரித்தார். நேற்றிலிருந்து அழாத மனுஷன், சிரிக்க ஆரம்பித்ததும் அழுதுவிட்டார். நானும்தான்.

அப்புறம் டர்னிப் வேகவைத்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். தட்டில் மிச்சம் வைக்கவில்லை.