இரண்டாவது பாய்லர்

அன்பு மருமகளுக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. உன் அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. என் உடம்புக்கு என்ன, இரும்பு. இந்த வயதிலும் பாய்லர் வால்வை ஒற்றைக் கையால் திருகுகிறேன்.

நம் உமி மின்நிலையத்துக்கு இரண்டாவது பாய்லர் வராது என்று முதலாளி சொல்லிவிட்டார். கார்பன் பணம் கிடையாதாம். கரிக்கும் டீசலுக்கும் பதில் உமியை எரித்தால் குறைகிற புகைக்கு வெளிநாட்டார் தரும் பணம் என்று நீதானே எனக்குப் படம் போட்டு விளக்கினாய். அந்தப் பணம் இல்லாவிட்டால் பாய்லரே வராது என்று நிரூபித்தால்தான் தருவார்கள் என்றும் சொன்னாய். எல்லாம் தெரிந்தவன் மாதிரி தலையாட்டினேன்.

மேற்குத் தெருவுக்கு அந்தப் பாய்லரை நம்பித்தான் கம்பம் நட்டார்கள். இப்போது மறுபடி டீசல் இன்ஜின். புகை நம் ஜன்னல் வரை வருகிறது. உன் அம்மா துணியை உள்ளே காயப்போடுகிறாள்.

மூன்று வருஷம் எழுதிய விண்ணப்பத்தில் எங்கே தப்பு விட்டேனோ என்று போனில் அழுதாயாம். உன் காகிதத்தில் தப்பில்லை, கண்ணு. இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன் விண்ணப்பத்தைச் சரிபார்க்கக் கார்பன் பணக்காரர்கள் அனுப்பிய அந்த அம்மா பாய்லர் அறையில் என்னிடம் பேச்சுக் கொடுத்தார். அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. "எங்க முதலாளிக்கு யார் பணமும் வேண்டாம்மா, நினைச்சா நாளைக்கே நாலு பாய்லர் வைப்பார்" என்றேன். பாங்க்காரர்கள் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள் என்றும் அளந்தேன். அவர் எழுத எழுத எனக்கு உற்சாகம் கூடிவிட்டது.

மூன்று பாங்க்கிலும் கையை விரித்துவிட்டார்கள் என்பதுதான் நிஜம். ஃபைலைத் தூக்கிக்கொண்டு முதலாளியோடு போனவனே நான்தான்.

நேற்று அந்த அம்மா அனுப்பிய அறிக்கையை முதலாளி எல்லோர் முன்னாலும் படித்தார். ‘நிலையத்தின் மூத்த ஊழியர் கூறியபடி, இந்தப் பணம் இல்லாமலே பாய்லர் வைக்க முடியும்’ என்று ஒரு வரி வந்தது. யாரடா அது என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து பார்த்தேன்.

மறுபரிசீலனைக்கு மாசக் கடைசி வரை நாள் இருக்கிறதாம். இந்தக் கடிதத்தை அப்படியே அந்த அம்மாவிடம் காட்டு. முதலாளியிடம் நாளைக் காலை நானே சொல்லிவிடுகிறேன். அந்த வால்வுச் சங்கதியும் பொய்தான். இரண்டு கையாலும் முடியாமல் பக்கத்து ஆளைக் கூப்பிடுகிறேன். ஆனால் கடிதத்தில் அந்த வரியை அடித்துவிடாதே. அது இருந்தால்தான் நான் எப்படிப்பட்டவன் என்று அவர் நம்புவார்.

வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும். போன் பண்ணும்போது என்னைக் கூப்பிடாவிட்டாலும் நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
நிலையத்தின் மூத்த ஊழியர்