ஜூலியின் மூத்திரமும் என் யூரியாவும்

12 ஜூன், வியாழன், மாலை 5.20

அருள் அண்ணா,

ஒரு சின்ன தப்பு செய்துவிட்டேன். புல்தரையில் பத்து மஞ்சள் வட்டங்களைப் பார்த்து, உரம் போதவில்லை என்று நினைத்து, போன வாரம் ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி யூரியா போட்டேன். நாய் மூத்திரத்திலேயே யூரியா இருக்கிறது, அது மிஞ்சித்தான் புல் கருகுகிறது என்று நேற்று மாலை தோட்டக்கலை வகுப்பில் சார் சொன்னார். கருகியதை நான் இன்னும் கருக்கியிருக்கிறேன்.

காலையில் அதை மறைத்துத்தான் "நாய வளக்கத் தெரியாதவன்" என்று உன்னைத் திட்டினேன். "நாயி மூத்திரம் போவாம பன்னீரா தெளிக்கும், கவி?" என்றாய்.

மதியம் செத்த புல்லைக் கையால் பிடுங்கினேன். அடியில் ஈரமும் மூக்கைக் குத்தும் நாற்றமும். மூன்று முறை சோப்புப் போட்டும் விரல் நாறுகிறது. சாம்பார் மூடி வைத்திருக்கிறேன், நீ சாப்பிடு. எனக்குக் குமட்டுகிறது.

ஜூலியைச் சங்கிலியோடு பின்பக்க மணல் மூலைக்குக் கூட்டிப்போ. புல்லில் போய்விட்டால் உடனே ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்று. காய்ந்தபின் ஊற்றிப் பயனில்லை.

நான் வகுப்புக்குக் கிளம்புகிறேன். சாவி மீட்டர் பெட்டி மேல்.

ஞாயிறு வீட்டு ஓனர் ஷாகிதா அக்கா வருகிறார். "புல்லு இப்டியே இருந்தா நாய அனுப்பிடுங்க" என்று அவர் சொன்னது ஞாபகம் இருக்கட்டும். யூரியாவைப் பற்றி நானே சொல்கிறேன். பாதித் தப்பு ஜூலியுடையதுதான், இல்லையா?

நாளை காலை: பத்து வட்டங்களையும் நான்கு விரல் ஆழம் தோண்டி, நிறையத் தண்ணீர் விட்டு, புது மண் போட்டு, நர்சரியில் வேரோடு வாங்கும் புல்லைப் பதிக்க வேண்டும்.

கவிப்பிரியா