காய்க்கு மட்டும் கொடுத்த சம்மதம்

அனுப்புநர்:
ம. அன்பரசி,
சத்துணவு அமைப்பாளர்,
மாதன்கொட்டாய், கம்பைநல்லூர்,
தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு,
தருமபுரி.

பொருள்: என் அக்கா குள்ளம்மாளின் பட்டா நிலத்தில் எஞ்சியுள்ள இரண்டு புளியமரங்களை வெட்டத் தடை பெற்றுத்தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

1. என் அக்கா (வயது 52) கணவரை இழந்தவர். தமிழ் வாசிப்பார், ஆங்கிலம் அறியார். கடந்த சனவரியில் புளி வியாபாரி குப்புராஜ் என்பவர், "இந்த வருசக் காய்க்கு மட்டுந்தாங்க அக்கா, சும்மா ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட முத்திரைத்தாளை நீட்டினார். அக்கா போட்டார். காயை உலுக்கி எடுத்துப் போனார்கள். அதுவரை எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

2. 12.04.2025 அன்று முற்பகல், ரம்பத்துடன் நான்கு பேர் வந்தனர். செய்தி கேட்டு நான் ஓடிச் சேர்வதற்குள் முதல் மரம் சாய்ந்துவிட்டது. காற்றே இல்லை, ஆனாலும் விழுந்து கிடந்த துளிர்கள் நெடுநேரம் அசைந்துகொண்டிருந்தன. தேனீக்கள் பழைய உயரத்திலேயே வெறும் வெளியைச் சுற்றிக்கொண்டிருந்தன.

3. ரம்பக்காரர் மாது அந்தத் தாளைக் காட்டினார். "நாங்க கூலிக்கு வந்தவங்கம்மா. மரமும்னு எழுதியிருக்குதுன்னு சொன்னாங்களே" என்றார். வாசித்தேன். காயும் மரமும் என்றுதான் இருந்தது.

4. நான் அஞ்சல்வழியில் பி.காம். படிக்கிறேன். சட்டம் என்பது டெல்லியிலும் நீதிமன்றத்திலும் இருப்பது என்றே எண்ணியிருந்தேன். கடையில் உப்பு வாங்குவதும் ஒப்பந்தம் என்று வணிகச் சட்டப் பாடத்தில் படித்த நாளில், இத்தனை காலமும் அறியாமலே அதற்குள் நடமாடி வந்திருக்கிறோம் என்று தோன்றி, வெகுநேரம் பக்கம் புரட்டாமல் இருந்தேன். இருவரும் ஒரே பொருளை ஒரே கருத்தில் ஏற்பதே சம்மதம் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். பொய்யாகச் சொல்லிப் பெற்ற சம்மதமானால், ஏமாந்தவர் அந்த ஒப்பந்தத்தை விலக்கிக்கொள்ளலாம். கையெழுத்திட்டபோது அக்காவின் கண்ணில் காய் இருந்தது. வியாபாரியின் கண்ணில் பலகை இருந்தது.

5. இதை மாதுவிடம் சொன்னேன். மீதி இரண்டு மரங்களையும் அண்ணாந்து பார்த்தார். பிறகு ரம்பத்தை நிறுத்தி, "எங்களால ஆவாதுங்க" என்று ஆட்களை அழைத்துக்கொண்டு போனார். மாலையில் குப்புராஜ் தொலைபேசியில், "கையெழுத்துப் போட்டாச்சு, இனி அது உங்க மரமில்லைங்க. இருபத்தொண்ணாந்தேதி திங்கக்கெழம வேற ஆளோட வர்றேன்" என்றார்.

6. அன்றுமுதல் அக்கா சரியாக உண்பதில்லை. மரம் நின்ற இடத்து வெயிலில் போய் உட்கார்ந்து, "இங்க குளுகுளுன்னு இருக்குதுடீ" என்கிறார். அவரை எழுப்பி அழைத்துவர எனக்கு மனம் வரவில்லை.

எனவே, இலவசச் சட்ட உதவிக்குரிய பெண்ணான என் அக்காவுக்கு வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தி, வரும் திங்கட்கிழமைக்குள் இடைக்காலத் தடை பெற்றுத்தரவும், குப்புராஜை அழைத்து விசாரிக்கவும் வேண்டுகிறேன். இடத்தைப் பார்வையிட அலுவலர் வருவாராயின் நண்பகலில் வரும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்நேரம், கிளைகள் பின்னி நிற்கும் இரண்டு மரங்களின் நிழலும் ஒன்றாகச் சேர்ந்து கிடக்கும். எது எந்த மரத்தினுடையது என்று எங்களாலும் சொல்ல முடியாது.

இணைப்பு: முத்திரைத்தாள் நகல், பட்டா நகல்.

இடம்: கம்பைநல்லூர்
நாள்: 16.04.2025

தங்கள் உதவியை நம்பியிருக்கும்,
ம. அன்பரசி