வரப்பில் வீசிய லேபிள்

உன் வயல் பை நேற்று என்னிடம் வந்து சேர்ந்தது. உன் தங்கை தருமபுரியிலிருந்து பஸ் ஏறி, நாம் படித்து இப்போது நான் பாடம் நடத்தும் கல்லூரிக்கே கொண்டுவந்து கொடுத்தாள். "அக்கா, இதெல்லாம் உங்க காலேஜ் சாமானுங்க. எங்களுக்கு ஒண்ணும் புரியல, தூக்கிப்போடவும் மனசு வரல" என்றாள். நீ போய் ஒரு வருடம் ஆகிறது. பையைத் திறந்தால் இன்னும் அதே புளித்த மாம்பழ வாடை. நீ மாங்கூழ் ஆலைக் கழிவை உரமாக்கிக்கொண்டிருந்த நாளில் ஹாஸ்டல் அறையில் ஒருத்தியும் உன் பக்கத்தில் படுக்க மாட்டாள், நான் ஒருத்தியைத் தவிர.

அவள் நாள் பார்த்து வந்ததுபோல, நேற்று நம் வேளாண் புலத்தின் ஆய்வு நாள். வாசல் பலகையில் விருதுகள், பயிற்சிகள், வெளிநாட்டு வாய்ப்புகள் என்று நாம் படித்தபோது இருந்ததைவிட நாலு மடங்கு ஒட்டியிருந்தார்கள். சிறந்த மாணவர் ஆய்வுக்கு நான் நடுவர். சிரிக்காதே.

பைக்குள் ஒரு பூதக்கண்ணாடி, அளவு நாடா, காய்ந்த பேனா இரண்டு. அடியில் சாண் நீளத்தில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் லேபிள். பாத்தியில் குத்தி வைப்போமே, அது. ஒரு பக்கம் என் கையெழுத்து மழையில் கரைந்து நீலக் கறையாக இருந்தது. பின்பக்கம் உன் பென்சில் எழுத்து. அதைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிட வேண்டும்.

லேபிளைப் பென்சிலில் எழுது என்று நீ எத்தனை தடவை சொன்னாய்? "மழைக்கு அழியாதுடி" என்பாய். எனக்குக் கலர் மார்க்கர்தான் வேண்டும், தூரத்திலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரிய வேண்டும். கேழ்வரகில் எட்டு ரகம், ஒவ்வொன்றையும் மூன்று வரிசையில் மூன்று இடத்தில் விதைத்திருந்தேன். ஐப்பசி மழையில் இருபத்து நாலு லேபிளும் வெளுத்துப்போயின. எது எங்கே என்ற வரைபடம் ஹாஸ்டலில் என் நோட்டில் இருந்தது. சேற்றில் அவ்வளவு தூரம் போய்வரச் சோம்பல். எனக்குத் தெரியாத பாத்தியா என்று ஞாபகத்திலிருந்தே புதிதாக எழுதிக் குத்திவிட்டு, பழையதையெல்லாம் வரப்பில் வீசினேன்.

அறுவடைக்கு நீயும் வந்தாய். மூன்றாவது வரிசையை நீதான் அறுத்தாய். கூலிக்கு வந்தவர்கள் முன்னால் வாயைத் திறக்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு மெஸ்ஸில் எதிரே வந்து உட்கார்ந்து, "மூணாவது வரிசையில ரெண்டு ரகம் பேர் மாறியிருக்குது. தண்டுல ஊதாக் கணு இருக்க வேண்டிய ரகம் அங்க இல்ல, பக்கத்துப் பாத்தியில இருக்குது. நோட்டைப் பாரு" என்றாய்.

பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி. எண்களைத் திருத்திப் போட்டால், மழை குறைந்த நிலத்துக்கு ஏற்றது என்று நான் கொண்டாடிக்கொண்டிருந்த ரகம் மற்ற ரகங்களைப்போலச் சாதாரணமாகத்தான் நின்றது. ஆய்வு நாளுக்கு ஒரு வாரம் இருந்தது. அந்த விருதோடு ஐதராபாத் ஆய்வகத்தில் ஆறு மாதப் பயிற்சியும் சேர்த்துக் கொடுப்பார்கள். பாப்பாரப்பட்டியில் எங்கள் அப்பா சந்தைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "பாப்பா ஐதராபாத் போவுதுங்க" என்று அதற்குள் சொல்லி வைத்திருந்தார். இறுதிச் சுற்றில் இரண்டே பேர், நீயும் நானும்.

அதனால்தான் அந்த வார்த்தை என் வாயில் வந்தது. "என்னைத் தள்ளிட்டு நீ போவணும், அதானே?" என்றேன்.

நீ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய். "எனக்கும் வேணுந்தான். வேணாம்னு நான் எப்பச் சொன்னேன்? எங்க அத்தா தையல் மிஷின்ல குனிஞ்சு குனிஞ்சு என்னைப் படிக்க வெக்கிறாரு. ஆனா அதுக்கும் உன் கேழ்வரகுக்கும் என்ன சம்மந்தம்? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காத" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாய்.

ஒரு வாரம் நான் உன்னோடு பேசவில்லை. நீ யாரிடம் போய்ச் சொல்வாயோ என்று காவல் காப்பதுபோல் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆய்வு நாளன்று நீ முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாய். திரையில் பழைய எண்கள்தான் இருந்தன, நான் மாற்றவில்லை. பாதிப் பேச்சில் உன் முகத்தைப் பார்த்தேன். மிரட்டல் ஒன்றும் இல்லை, எனக்குத் தொண்டை வறளுகிறதே என்று கவலைப்படுகிற முகம். எனக்கு அழுகை வந்துவிட்டது. "மூன்றாவது வரிசையில் பெயரை மாற்றி எழுதிவிட்டேன், திருத்தினால் இந்த ரகம் ஒன்றும் உசத்தியில்லை" என்று சொல்லிவிட்டேன். நடுவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சரிம்மா, உக்காருங்க" என்றார்.

விருதும் பயிற்சியும் உனக்குக் கிடைத்தன. வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்கு எல்லாரும் வந்தார்கள், நான் வரவில்லை. தலைவலி என்றேன். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்து, என் கட்டிலில் ஒரு டஜன் பென்சிலைப் போட்டு, "மழைக்கு அழியாது, வெச்சிக்க" என்றாய். நான் சிரித்தேன். அதோடு எல்லாம் சரியாகிவிட்டதாக இருவரும் வைத்துக்கொண்டோம். என் கல்யாணத்துக்கு வந்தாய், உன் பெண் பிறந்தபோது நான் வந்தேன். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும் ஊர்க்கதைதான் பேசினேன். மெஸ்ஸில் சொன்னதை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

நேற்று மேடைக்குப் போகும் முன்பு லேபிளின் பின்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். அறுவடையன்று வரப்பிலிருந்து எடுத்து எழுதியிருக்கிறாய். கையில் எது கிடைத்தாலும் அதில் எழுதுகிறவள்தானே நீ. ஓர் எழுத்துகூட அழியவில்லை.

"3-வது வரிசை. ஊதாக் கணு இடம் மாறியிருக்கு. அவகிட்ட மட்டும் சொல்லணும். வேற யாருக்கும் வேணாம், அவளே சொல்லிடுவா."

நான் உன்னைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்த அந்த வாரம் முழுக்க இது உன் பையில் இருந்திருக்கிறது. எனக்கே என்மேல் இல்லாத நம்பிக்கை இது. நேற்று ஒவ்வொரு பிள்ளையின் எண்களைப் பார்க்கும்போதும் இதைக் கையில் வைத்திருந்தேன். இனி என் பையில்தான் இருக்கும்.

மெஸ்ஸில் நான் சொன்னது தப்பு. மன்னித்துக்கொள். இந்தக் கடிதத்தைப் பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன்.