நீலப் பைக்குள் சீனி

வெள்ளிக்கிழமை. இரவு ஒன்பது மணி.

என் பூனை சீனிக்குக் காதில் புண். யாழ்ப்பாணத்தில் இருக்கிற மிருக வைத்தியரிடம் கொண்டுபோக ஒரு முதுகுப்பை வாங்கினோம். பூனை வெளியே தெரிகிற கண்ணாடிப் பையும் கடையில் இருந்தது. தெரிந்தால் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள் என்று, பள்ளிக்கூடப் பை போலவே இருந்த நீலப் பையை நான்தான் தெரிவுசெய்தேன். அதில் காற்றுப் போக ஒரு பக்கம் மட்டுமே வலை.

இன்று நான் தனியாகச் சீனியோடு உடுப்பிட்டியில் பஸ் ஏறியபோது நிற்கத்தான் இடம் இருந்தது. சீற்றில் இருந்த அன்ரி ஒருவர் கையை நீட்டினார்.

"தா பிள்ளை, நான் வைச்சிருக்கிறன்."

நிற்கும் பிள்ளைகளின் பைகளை இருப்பவர்கள் மடியில் வாங்கி வைப்பது வழக்கம்தானே. நான் மறுப்பதற்குள் வாங்கிவிட்டார். வலைப்பக்கம் அவர் வயிற்றோடு அழுந்தியிருந்தது. கூட்டம் என்னைப் பின்னுக்குத் தள்ளியது.

பக்கத்தில் கொண்டக்டர். சொன்னால் ஆளில்லாத வல்லைவெளியில் இறக்கிவிடுவார். சொல்லாவிட்டால் சீனிக்கு மூச்சு முட்டும். வல்லைப் பாலம் போனது. அச்சுவேலியும் போனது. நான் வாய் திறக்கவில்லை.

"பிள்ளை, உன்ரை புத்தகம் என்னை விறாண்டுது," என்றார் அன்ரி.

எல்லோரும் சிரித்தார்கள். கொண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"பூனையோ? முதலே சொல்லியிருக்கலாமே தங்கச்சி. வலையைத் திருப்பிவிடுங்கோ அக்கா, காத்துப் படட்டும்."

சீனி வாயைத் திறந்தபடி இளைத்துக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் வைத்தியர் காதைப் பார்த்து மருந்து போட்டார்; இளைப்புக்கும் பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னார்.

"பஸ்ஸிலை கரைச்சல் ஒண்டும் இல்லைத்தானே?" என்று வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்.

இல்லை என்றேன்.

சீனி கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. மூன்று தரம் கூப்பிட்டுவிட்டேன். வரவில்லை.